அனுமதியா, பதிவா?
நோர்வேயில் புகையிலை விற்கும் உரிமை பற்றிச் சில குறிப்புகள்

புகலிடத்தில் கடை வைத்திருப்பவர்களின் பிரச்சினைகள் எமது சஞ்சிகைகளில் அரிதாகவே பேசப்படுகின்றன. இலக்கியம், தேசியம், சாதி, பெண்விடுதலை என்று பக்கம் பக்கமாக விவாதிக்கும் நாம், காசுமேசைக்குப் பின்னால் நிற்கும் மனிதரின் அலுவல்களை 'அது வியாபாரிகளின் விடயம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஓர் அரசு தன் எல்லைக்குள் வாழும் வெளியாரை எப்படி நோக்குகிறது என்பதை அதன் பெரிய பிரகடனங்களைவிட அதன் சிறிய விதிகளே தெளிவாகச் சொல்லும். புகையிலை விற்பனை பற்றிய நோர்வேயின் விதிமாற்றம் அத்தகைய ஒன்று. 2013இல் நோர்வேப் பாராளுமன்றம் புகையிலை விற்பவர்களுக்கு அனுமதி முறையைச் சட்டமாக்கியது. அம்முறை ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக 2018 ஜனவரி 1ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது பதிவு முறை. அனுமதிக்கும் பதிவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்ன, அது யாருக்கு எதைத் தருகிறது, யாரிடமிருந்து எதை எடுக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சட்டம் வந்த வழி

நோர்வேயின் புகையிலைச் சட்டம் 1973 மார்ச்சில் நிறைவேறியது. 1975 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. புகையிலை விளம்பரத்தை முற்றாகத் தடைசெய்த தொடக்ககாலச் சட்டங்களில் இதுவும் ஒன்று. அன்று இந்நாட்டில் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நாள்தோறும் புகைப்பவர்களாக இருந்தார்கள். இன்று நாள்தோறும் புகைப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இம்மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 1988இல் பொது இடங்களுக்கும் வேலைத்தலங்களுக்கும் புகையற்ற சூழல் கட்டாயமாக்கப்பட்டது. 1996 யூலையில் வாங்குவோரின் வயதெல்லை 16இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டது. 2004 யூன் 1ஆம் திகதி உணவகங்களிலும் மதுச்சாலைகளிலும் புகைத்தல் நிறுத்தப்பட்டது. 2010 ஜனவரியிலிருந்து கடைகளில் சிகரெட்டைக் கண்ணில்படும்படி அடுக்கிவைக்க முடியாது. 2017 யூலையில் சின்னமும் நிறமும் நீக்கப்பட்ட ஒரேமாதிரியான பெட்டி அறிமுகமானது. ஓராண்டு அவகாசத்தின்பின் பழைய பெட்டிகள் மறைந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 2003 யூன் 16ஆம் திகதி கையெழுத்திட்டு அன்றே அதை உறுதிசெய்த முதல் நாடும் நோர்வேதான்.

இவ்வரிசையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். நான்கு தசாப்தங்களாகச் சட்டம் ஒவ்வொருவராகத் தேடிப்போயிருக்கிறது. முதலில் விளம்பரம் செய்பவரை, பின்னர் புகைப்பவரை, பின்னர் வாங்கும் இளைஞரை, பின்னர் பெட்டியைத் தயாரிக்கும் கம்பனியை. கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. கண்ணில்படாது மறைக்கும் விதியை எதிர்த்து பிலிப் மொறிஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கு லக்சம்பேர்க்கிலுள்ள எஃப்ரா நீதிமன்றம்வரை சென்றது. 2012 செப்ரெம்பரில் ஒஸ்லோ நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் இடையில் ஒருவர் மட்டும் கணக்கில் வராமல் இருந்தார். அவர் சில்லறை விற்பனையாளர். பியர் விற்பதற்குக் கொம்யூனிடம் (உள்ளூராட்சிச் சபையிடம்) அனுமதி பெறவேண்டிய ஒரு கடைக்காரர், அதே இடத்தில் சிகரெட் விற்க எவரிடமும் எதுவும் கேட்கவேண்டியதில்லை. நாட்டில் எத்தனை இடங்களில் புகையிலை விற்கப்படுகிறது என்று அரசிடம் ஒரு பட்டியல்கூட இருக்கவில்லை.

நடைமுறைக்கு வராத அனுமதி

2013 பெப்ரவரியில் நிறைவேறிய சட்டத்திருத்தம் இக்குறையை நிரப்ப முயன்றது. பிள்ளைகளுக்குப் புகையற்ற சூழலில் இருக்கும் உரிமை, பாடசாலை நேரத்தில் புகையிலைத் தடை என்பவற்றோடு, புகையிலை விற்பவர் கொம்யூனிடம் 'பெவில்லிங்' எனப்படும் அனுமதி பெறவேண்டும் என்பதும் அதில் இருந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி தலைமையிலான கூட்டணி. அதே ஆண்டு ஒக்ரோபரில் வலதுசாரி அரசாங்கம் பதவியேற்றது. சுகாதார அமைச்சராக வந்த பென்ற் ஹொய்ய புகையிலை எதிர்ப்பில் பின்னிற்பவர் அல்லர். சின்னமற்ற பெட்டியைக் கொண்டுவந்தது இதே அரசாங்கந்தான். ஆயினும் அனுமதி முறை வியாபாரிகளுக்கும் கொம்யூன்களுக்கும் தேவையற்ற நிர்வாகச் சுமை என்று அது கருதியது. சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட அனுமதி முறை கிடப்பில் போடப்பட்டு, அதனிடத்தில் பதிவு முறை வந்தது.

பதிவு முறை எப்படி இயங்குகிறது

புகையிலையோ ஸ்னூஸோ (உதட்டுக்குள் வைக்கும் ஈரப் புகையிலை) விற்க விரும்பும் எந்த வியாபார நிறுவனமும் நோர்வேச் சுகாதாரப் பணியகத்தின் பதிவேட்டில் தன்னைப் பதியவேண்டும். 'அல்தின்' என்ற அரச மின்னணுத் தளத்தினூடாக இதைச் செய்யலாம். நிறுவனத்தின் பெயர், பதிவிலக்கம், விற்பனை இடத்தின் முகவரி ஆகியவையே முக்கியமாகக் கேட்கப்படுகின்றன. விபரங்கள் மாறினால் அறிவிக்கவேண்டும். விற்பனையை நிறுத்தினாலும் அறிவிக்கவேண்டும். மொத்த வியாபாரிகளும் பதியவேண்டும். விழாக்களில் சில நாட்களுக்கு மட்டும் விற்பவரும் இதிலிருந்து தப்பமுடியாது. பதிவு செய்யாமல் விற்பது சட்டவிரோதம்.

இதுவரை எல்லாம் எளிது. இம்முறையின் எடை அடுத்த படியில்தான் இருக்கிறது. பதிவேடு தேசிய மட்டத்தில் இருக்க, கண்காணிப்பு கொம்யூனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு விற்பனை இடத்தையும் கொம்யூன் ஆண்டுக்கு ஒருமுறையாவது சென்று பார்க்கவேண்டும். அதற்கான செலவைக் கண்காணிப்புக் கட்டணமாகக் கடைக்காரரிடமிருந்தே அறவிடலாம். வயதைச் சரிபார்க்கிறார்களா, பொருள் கண்ணில்படாமல் வைக்கப்பட்டிருக்கிறதா, வாடிக்கையாளர் தானே எடுக்கும் வகையில் இருக்கிறதா, விலைக்கழிவு கொடுக்கிறார்களா என்பவை பார்க்கப்படும். பதினெட்டு வயது நிரம்பாதவர், வயதுவந்த ஒருவரின் நேரடி மேற்பார்வையின்றி, புகையிலையை விற்க முடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக 'உள்ளகக் கட்டுப்பாடு' என்றொரு கடமை இருக்கிறது. சட்டத்தைப் பின்பற்றுவதற்குத் தன் கடையில் என்ன ஏற்பாடு செய்திருக்கிறேன், ஊழியருக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பிழை நேர்ந்தால் என்ன செய்வேன் என்பதைக் கடைக்காரர் தானே ஒழுங்குபடுத்தி, கேட்கும்போது காட்டக்கூடியவராக இருக்கவேண்டும். மீறல் கண்டறியப்பட்டால் திருத்தும்படி கட்டளை, கட்டாய அபராதம், குறித்த காலத்துக்கு விற்பனைத் தடை என்று கொம்யூனின் கையில் படிப்படியான கருவிகள் இருக்கின்றன.

இரண்டு கேள்விகள்

அனுமதி முறை கேட்கும் முதற்கேள்வி 'நீ யார்?' என்பது. பியர் விற்கும் அனுமதியை எடுத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டின் அற்ககோல் சட்டத்தின்படி அதைக் கொம்யூன் வழங்குகிறது. பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாமல். விண்ணப்பிப்பவரும் கடையில் செல்வாக்குள்ள மற்றவர்களும் வரி, மதுச் சட்டம் முதலியவற்றில் குற்றமற்ற நடத்தை உடையவர்களா என்று ஆராயப்படும். பொறுப்பாளர் ஒருவரும் பதில் பொறுப்பாளர் ஒருவரும் வேண்டும். இருவருக்கும் இருபது வயது நிரம்பியிருக்கவேண்டும். சட்ட அறிவுப் பரீட்சையில் தேறியிருக்கவேண்டும். கடை கைமாறினால் அனுமதி கூடவே போகாது. புதியவர் மீண்டும் விண்ணப்பிக்கவேண்டும். வாசலில் ஒருவர் நின்று எம்மை மேலும்கீழும் பார்த்து உள்ளே விடும் முறை இது.

பதிவு முறை கேட்கும் முதற்கேள்வி 'நீ எங்கே இருக்கிறாய்?' என்பது மட்டுமே. நடத்தையும் பரீட்சையும் அங்கு கேட்கப்படுவதில்லை. முகவரியைச் சொன்னால் போதும், உள்ளே வரலாம். ஆனால் உள்ளே வந்தபின் 'நீ என்ன செய்தாய்?' என்ற கேள்வி ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும்.

அகதியாக வந்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. வதிவிட அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் 'நீ யார்?' என்ற கேள்வி எம்மை எப்படி அரித்தது என்பதையும், பின்னர் மக்கள் பதிவேட்டில் பெயரும் விலாசமும் ஏறிய நாளில் எப்படி இருந்தது என்பதையும் அறிந்தவர்கள் நாம். அனுமதி என்பது ஒருவரின் கருணையை எதிர்பார்ப்பது, மறுக்கப்படக்கூடியது. பதிவு என்பது ஒரு தகவலைக் கொடுப்பது.

'நீ யார்?' என்ற கேள்வி எங்கே கொண்டுபோகும் என்பதற்குப் பிரான்சு நல்ல உதாரணம். அங்கு சிகரெட் சில்லறை விற்பனை அரச ஏகபோகம். அரசின் பெயரால் விற்கும் உரிமை பெற்ற 'புராலிஸ்த்' கடைகளே விற்கலாம். அந்த உரிமையைப் பெறுபவர் பிரெஞ்சுக் குடிமகனாகவோ, ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசம், சுவிற்சர்லாந்து ஆகியவற்றின் குடிமகனாகவோ இருக்கவேண்டும். பாரிசின் லா சப்பலில் எத்தனை ஆண்டுகள் கடை நடத்தினாலும், குடியுரிமை இல்லாத ஒரு தமிழருக்கு அந்தக் கதவு திறக்காது. புகையிலையின் தீமைக்கும் விற்பவரின் கடவுச்சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஓர் அனுமதி முறைக்குள் தகுதி என்ற பெயரில் எதையும் நுழைத்துவிடலாம் என்பதே உண்மை.

ஆயினும் எல்லா அனுமதி முறைகளும் இப்படியானவை என்று சொல்லிவிட முடியாது. அயல்நாடுகள் நோர்வேக்கு எதிர்த்திசையில் நடந்திருக்கின்றன. பின்லாந்து 2009 ஏப்ரலிலிருந்து கொம்யூன் வழங்கும் அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு விற்பனை இடத்துக்கும் கண்காணிப்புக் கட்டணமும் உண்டு. சுவீடனில் முன்பு அறிவித்தால் போதும் என்ற முறை இருந்தது. 2019 யூலை 1ஆம் திகதி முதல் அது அனுமதியாக மாறியது. ஸ்கொற்லாந்து 2011இல் பதிவேட்டைத் தொடங்கியது. தொடர்ந்து சட்டத்தை மீறுபவருக்கு நீதிமன்றம் விற்பனைத் தடை விதிக்கலாம். எம்மவர்கள் பெருந்தொகையாகக் கடைகளும் பெற்றோல் நிலையங்களும் நடத்தும் இங்கிலாந்தில், 2024 நவம்பரில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட புகையிலைச் சட்டமூலம் சில்லறை விற்பனைக்கு அனுமதி முறையை முன்மொழிந்தது. 2012இல் சியோலில் ஏற்கப்பட்டு 2018 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டவிரோதப் புகையிலை வர்த்தகத்துக்கு எதிரான சர்வதேச உடன்பாடு, தயாரிப்புக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் அனுமதியோ அதற்கு நிகரான கட்டுப்பாட்டு முறையோ வேண்டும் என்கிறது. சில்லறை விற்பனையைப் பொறுத்தவரை அந்தந்த நாடு பொருத்தமெனக் கருதும் அளவுக்கு முயலவேண்டும் என்று விட்டுவிடுகிறது. ஆகவே எந்த முறை என்பது ஒவ்வொரு சமூகமும் விவாதித்து முடிவெடுக்கவேண்டிய விடயமாகவே இருக்கிறது.

ஹம்மர்பெஸ்ட்: சிறிய ஊரில் சட்டம்

இவ்விவாதத்தை ஒஸ்லோவில் இருந்துகொண்டு மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில் இருக்கும் ஹம்மர்பெஸ்டை எடுத்துக்கொள்வோம். அந்நகரமே ஒரு வர்த்தக உரிமையிலிருந்து பிறந்தது. பின்மார்க்கின் வர்த்தகம் நெடுங்காலம் ஏகபோகமாக இருந்தது. அது 1789இல் முடிவுக்கு வந்தபோது ஹம்மர்பெஸ்டும் வார்டோவும் நகர உரிமை பெற்றன. அக்காலத்தில் வியாபாரம் செய்ய நகரப் பிரசைக்குரிய பத்திரம் வேண்டும். அது இல்லாதவர் மீன்பிடிக்கலாம், மீனை விற்பவராக முடியாது. 'நீ யார்?' என்ற கேள்வியின் பழைய வடிவம் அது. ரஷ்யாவின் வெண்கடல் பக்கமிருந்து தானியத்தோடு வந்து மீனோடு திரும்பிய பொமோர் வணிகர்களால் அந்தக் கரையோரம் வளர்ந்தது. 1944இன் பிற்பகுதியில் பின்வாங்கிய ஜேர்மன் படைகள் நகரத்தை எரித்தன. போருக்குப்பின் மீண்டெழுந்த நகரில் மீன் தொழிற்சாலையே பெரிய முதலாளி. 1980களின் பிற்பகுதியிலிருந்து பின்மார்க்கின் கரையோர ஊர்களில் மீன் வெட்டவும் பொதிசெய்யவும் எம்மவர் சென்றதும், பலர் பின்னர் ஒஸ்லோவுக்கு நகர்ந்ததும் எமது புகலிட வரலாற்றின் ஒரு பகுதி.

இன்று ஹம்மர்பெஸ்ட் கொம்யூனில் ஏறத்தாழப் பதினோராயிரம் பேர் வாழ்கிறார்கள். 2020 ஜனவரியில் குவால்சுண்ட் கொம்யூனும் இதனுடன் இணைக்கப்பட்டது. எனவே நகரின் கடைகளை மட்டுமன்றி, பாலம் கடந்து பெருநிலப்பரப்பில் சிதறிக்கிடக்கும் விற்பனை இடங்களையும் ஒரே கொம்யூன் பார்க்கவேண்டும். இத்தகைய இடத்தில் அனுமதி முறையென்றால் என்ன நடக்கும்? முடிவெடுப்பவர், விண்ணப்பிப்பவர், போட்டிக் கடைக்காரர் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். புதிதாக வந்த, பேச்சில் வேற்றுமொழி வாடை வீசும் ஒருவரின் 'நடத்தை'யை அந்த வட்டம் எப்படி மதிப்பிடும் என்பது அவ்வட்டத்தின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. பதிவு முறையில் அந்த வட்டத்துக்கு வேலை இல்லை. பதிவேடு ஒஸ்லோவில், படிவம் எல்லோருக்கும் ஒன்று.

ஆனால் கண்காணிப்பு உள்ளூரில்தான் நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலுவலர் மற்ற 364 நாட்களும் அங்கு இல்லை. அந்த நாட்களில் சட்டத்தை நிறைவேற்றுபவர் யார்? காசுமேசையில் நிற்பவர். சிறிய ஊரில் அவர் முன்னால் வந்து ஸ்னூஸ் கேட்கும் பதினேழு வயதுப் பையன் அநேகமாக அயலவரின் மகன். தன் பிள்ளையோடு படிப்பவன். அடையாள அட்டை கேட்டால் உறவு கசக்கும். கேட்காவிட்டால் சட்டம் முறியும். இந்த இக்கட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர் 'உன் அப்பாவைக் கேட்கிறேன்' என்று சிரித்துச் சமாளித்துவிடலாம். வெளியார் ஒருவருக்கு அந்தச் சிரிப்பின் உரிமை இல்லை. அவர் மறுத்தால் கடுமையானவர்; கொடுத்தால் சட்டத்தை மதிக்காதவர். நோர்வேயில் நாள்தோறும் ஸ்னூஸ் பாவிப்பவர்கள் நாள்தோறும் புகைப்பவர்களைவிடக் கூடுதலாகிவிட்டார்கள் என்பது 2017இலேயே கணக்கெடுப்பில் தெரிந்தது. இளைஞரிடையே பரவியிருப்பது இதுவே என்பதால், இக்கேள்வி எங்கும் நாளாந்தம் எழுவது.

ஆகவே பதிவு முறையை வெறும் தளர்வு என்று சொல்வது பிழையாகும். அனுமதி முறையில் வாசற்காவல் கொம்யூனின் வேலை. பதிவு முறையில் அந்தக் காவல் கடைக்குள் நகர்ந்து, காசுமேசையில் வந்து நின்றுவிட்டது. அரசு தன் அலுவலர் ஒருவரைச் சம்பளமின்றி அங்கு நியமித்திருக்கிறது எனலாம். அந்த நியமனத்துக்கு அவரிடம் பரீட்சை கேட்கப்படவில்லை. ஆனால் அந்தப் பரீட்சையின் பாடம் முழுவதும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இடாப்பு என்ற சொல்லின் நினைவு

இங்கே எம்மவர்களிடையே எழக்கூடிய ஓர் ஆட்சேபத்தைப் பேசியாகவேண்டும். பதிவு மென்மையானது என்று சொல்வது இலங்கைத் தமிழருக்குச் சுலபமாக ஏறாது. 1983 யூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் கொழும்பு விடுதிகளில் தங்கிய தமிழர் பொலிஸ் நிலையத்தில் பதியவேண்டியிருந்தது. இந்த நோர்வேயிலும் அப்படியொரு கதை உண்டு. 1942இல், ஜேர்மன் ஆக்கிரமிப்பின்கீழ், யூதர்கள் படிவம் நிரப்பிப் பதியும்படி பணிக்கப்பட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் திகதி ஒஸ்லோத் துறைமுகத்திலிருந்து 'டொனாவ்' கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிச் சென்றபோது, கைதுசெய்யும் பணியில் நோர்வேப் பொலிசாரும் ஈடுபட்டிருந்தார்கள்.

எனவே எந்த இடாப்பைக் கண்டாலும் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. அதில் என்ன எழுதப்படுகிறது? எதற்காக? அதை யார் பார்க்கலாம்? வேறெந்த நோக்கத்துக்குப் பாவிக்கலாம்? புகையிலைப் பதிவேடு ஒரு நிறுவனத்தையும் ஓர் இடத்தையும் ஒரு பொருளையும் இணைக்கிறது. விற்பவரின் இனத்தையோ பிறந்த நாட்டையோ அது கேட்பதில்லை. அந்த எல்லை காக்கப்படும்வரை அது ஆளைத் தேடும் இடாப்பாகாது. அந்த எல்லையைக் காப்பதில் மற்ற எவரையும்விட அக்கறை கொண்டிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

எமது பழைய கடை

புகையிலை எமக்கு வெளியே இருந்து வந்த பிரச்சினை அல்ல. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புகையிலை ஒரு தலைமுறையின் பயிராக மட்டும் இருக்கவில்லை. வீடு கட்டியதும் சீதனம் கொடுத்ததும் பிள்ளைகளைப் படிப்பித்ததும் அதுதான். திருவிதாங்கூர் அரசு 1860கள்வரை புகையிலையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தபோது, அங்கே போன சரக்கில் பெரும்பங்கு யாழ்ப்பாணத்தது. 'மலையாளப் புகையிலை' என்ற வியாபாரப் பெயர் அதன் எச்சம். தென்னிலங்கையின் சிறு பட்டினங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகள் தமிழ் வணிகத்தின் முகமாக இருந்தன. அக்கடைகளில் படித்தபடியே வேலை பார்த்த பையன்கள் பின்னர் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆனார்கள். இங்கு கடை வைத்திருக்கும் எம்மவர் பலர் அந்த மரபின் தொடர்ச்சியே: குடும்பமே உழைக்கும் கடை, நீண்ட நேரம் திறந்திருக்கும் கடை, பாடசாலை முடிந்து வரும் பிள்ளை சற்றுநேரம் காசுமேசையில் நிற்கும் கடை.

அந்த மரபும் நோர்வேயின் சட்டமும் நேருக்குநேர் மோதும் இடம் அந்தப் பிள்ளைதான். பதினாறு வயது மகள் தனியே நின்று ஒரு பெட்டி சிகரெட் விற்றால் அது மீறல். அப்பா பின்னறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மேற்பார்வை ஆகுமா என்று கண்காணிக்க வருபவர் கேட்பார். எமக்குக் குடும்ப ஒத்தாசையாகத் தெரிவது சட்டத்தின் மொழியில் உள்ளகக் கட்டுப்பாட்டுக் குறைபாடு. இதை இனவாதம் என்று கூச்சலிடுவது சுலபம், ஆனால் நியாயமாகாது. அந்த விதி காக்க முனைவது எமது பிள்ளையையும் சேர்த்துத்தான். வயதில் மூத்த வாடிக்கையாளர் ஒருவர் அதட்டிக் கேட்கும்போது மறுக்கமுடியாத இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தக்கூடாது என்பதே அதன் உள்ளடக்கம்.

தாயகத்தின் நிலைமையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இலங்கையின் 2006ஆம் ஆண்டுப் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடைசெய்கிறது. வயதெல்லையில் அது நோர்வேயைவிடக் கடுமையானது. ஆனால் சிகரெட்டைச் சில்லறையாக ஒவ்வொன்றாக விற்பது அங்கு நெடுங்காலமாக நிலவும் வழக்கம். விற்பவர்களை எண்ணும் பதிவேடு அச்சட்டத்தில் இல்லை. கடுமையான விதி, கணக்கில்லாத கடைகள். இதற்கு மாறாக, 2017ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ் மாவட்டத்தின் சில சிறு கடைத்தெருக்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் முயற்சியால் கடைக்காரர்கள் தாமாகவே சிகரெட் விற்பதை நிறுத்தினார்கள். ஒருகாலத்தில் புகையிலையால் வாழ்ந்த மண்ணில் இது நடந்தது என்பது சிந்திக்கவேண்டியது. அனுமதியும் பதிவும் செய்யாததை அங்கு அயலாரின் ஒருமித்த முடிவு செய்தது.

என்ன செய்யலாம்?

அனுமதி முறையை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானது. மருந்தை விற்க அனுமதி, பியரை விற்க அனுமதி, ஆனால் நெடுநாள் பாவிப்பவர்களில் பாதிப்பேரைக் கொல்லும் பொருளை விற்க ஒரு படிவம் போதுமா? வாசலிலேயே பரீட்சை வைத்தால் தெரியாமல் செய்யும் பிழைகள் குறையுமல்லவா? விற்பனை இடங்களின் எண்ணிக்கையைக் கொம்யூன் கட்டுப்படுத்த முடியுமல்லவா? இவற்றை இலகுவில் தட்டிவிட முடியாது. குறிப்பாகப் பரீட்சை பற்றிய வாதம் எமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பியருக்காகச் சட்டம் படித்த கடைக்காரர் அந்தச் சட்டத்தை அறிந்திருக்கிறார். புகையிலைக்காக எவரும் படிக்கச் சொல்லாததால், கண்காணிப்பு அறிக்கை கையில் வந்தபின்னரே பலர் படிக்கத் தொடங்குவார்கள்.

என் நிலைப்பாடு இது. வாசலில் ஆளை நிறுத்தும் முறையைவிட, எல்லோரையும் உள்ளே விட்டுச் செயலைப் பார்க்கும் முறை வெளியாருக்கு நீதியானது. அதை நாம் ஆதரிக்கவேண்டும். ஆனால் அறிவின்றி உள்ளே விட்டுவிட்டுப் பின்னர் தண்டிப்பது அரை நீதி. படிவத்தோடு விளங்கக்கூடிய மொழியில் விளக்கமும் வரவேண்டும் என்று கொம்யூன்களிடம் கேட்பதற்கு எமது அமைப்புகளுக்கு உரிமை உண்டு. கலைவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மண்டபம் எடுக்கும் சங்கங்கள், ஆண்டில் ஒரு மாலைப்பொழுதைக் கடைக்காரருக்காக ஒதுக்கி, உள்ளகக் கட்டுப்பாடு என்றால் என்ன, எழுதிவைக்கவேண்டியவை எவை, ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியவை எவை என்று தமிழில் விளக்கலாம். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை; சட்டத்தை வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும். எமது இரண்டாம் தலைமுறையில் அவர்களுக்குக் குறைவில்லை.

அதற்கு முன்னால் ஒரு மனமாற்றம் வேண்டும். விற்பனைத் தடை வந்த கடைக்காரரை 'சட்டத்தை ஏமாற்றிப் பிடிபட்டவர்' என்று முணுமுணுப்பதும், அதே கடையில் எமது பதினேழு வயது மகனுக்கு ஸ்னூஸ் கிடைத்தால் கண்டும் காணாததுபோல் இருப்பதும் ஒரே சமூகத்தில் நடக்கின்றன. நோர்வே அரசு காசுமேசையில் நிற்பவரிடம் தன் சட்டத்தை ஒப்படைத்துவிட்டது. அவர் மறுத்துத் தலையாட்டும்போது, வாங்கவந்தவனின் தகப்பன் என்ற முறையில் அவருக்கு நன்றி சொல்லத் தயாரா என்பதே எம்மிடம் மிஞ்சியுள்ள கேள்வி.